பீப்பாய்க்குள் சுண்ணாம்பு

அந்த வருடத்தை நினைத்தாலே எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இவர்மேலா, மாமிமேலா, தோட்டத்துக்கார மதாம்மேலா, இல்லாவிட்டால் நிலவறையில் வாயை மூடிக்கொண்டு கிடந்த அந்தப் பீப்பாய்மேலா? இத்தனை வருடம் யோசித்தும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. கோபப்படுவதற்கும் ஒரு தெளிவு வேண்டும். எனக்கு அந்த வருடம் தலைகால் புரியவில்லை.

இவர், என் கணவர், அஹுன்ட்சிக் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவராக இருந்தார். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. மொன்றியலில் தையல் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தன. இவருடையதும் சாத்தப்பட்டது. அதன்பிறகு இவர் சோபாவில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழும்பவில்லை. நான் ஒரு கார்டரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சமைக்கிற வேலை பார்த்தேன். காலையில் போகும்போது எந்த மூலையில் இருந்தாரோ, பின்னேரம் வரும்போதும் அதே மூலை. தொலைக்காட்சிகூடப் போட்டிருக்க மாட்டார். திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். என்னைப் போல வாய் நீண்ட பெண்ணுக்குப் பதில் பேசாத மனிதரைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

அவரை எழுப்பியது ஜான்-டலோன் சந்தை. ஒரு சனிக்கிழமை கத்தரிக்காய் வாங்க இழுத்துக்கொண்டு போயிருந்தேன். அப்பிள் விற்கிற ஒரு கடையில் வயதான பிரெஞ்சுக்காரப் பெண்மணி ஒருத்தி தனியாகப் பெட்டிகளைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். இவர் ஒன்றும் சொல்லாமல் போய் ஒரு பெட்டியைப் பிடித்தார். பிறகு இன்னொன்றைப் பிடித்தார். நான் கத்தரிக்காயும் கையுமாக நின்றேன். அன்று மத்தியானம் வரை எங்களுக்கு அங்கேதான் பொழுது போனது. அடுத்த சனியும் இவர் போனார். பனி உருகியதும் அந்த மதாமின் தோட்டத்துக்கே வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார்.

தோட்டம் நகரத்திலிருந்து ஒரு மணித்தியால ஓட்டம். சின்னத் தோட்டம்தான். பெரும்பாலும் மக்கின்டொஷ், கடையில் கிடைக்கிற சிவப்பு அப்பிள். பின்பக்கம் ஒரு வரிசை மட்டும் வேறு சாதி. சின்னச் சின்னப் பழம், தோல் சொரசொரப்பு, கடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கிற கயர்ப்பு. அதை யாரும் தின்ன மாட்டார்கள். மதாமின் செத்துப்போன கணவர் சீத்ர் போடுவதற்கென்றே ஒட்டிய மரங்கள் அவை. சீத்ர் என்றால் அப்பிள் கள்ளு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாற்றைப் பிழிந்து மரப் பீப்பாயில் விட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும், அதுவாகவே நுரைத்து அதுவாகவே வெறிக்கும், போதை ஏறும். இது எனக்கு விளங்கவே நாளெடுத்தது. சும்மா இருப்பதும் ஒரு தொழிலா என்று இவரைக் கேட்டேன். அதுதான் இருக்கிறதிலேயே கஷ்டமான தொழில் என்றார்.

இவர் மரங்களோடு மாறிப்போனார். கையில் சிராய்ப்பு, கழுத்தில் வெயில், வீட்டுக்கு வந்தால் பேச்சு. எந்த மரத்தில் பூ அதிகம், எந்த மரத்து அடியில் மான் வந்து படுத்தது என்று ஒரே அப்பிள் புராணம். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வரும், காட்டிக்கொள்ள மாட்டேன். அந்த மனிதரை மறுபடியும் சோபாவில் பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை.

ஆவணி முடிவில் மதாம் எங்கள் இருவரையும் இருத்திவைத்துப் பேசினார். இவருக்குப் பிரெஞ்சு அரைகுறை, ஆகவே நான்தான் நடுவில். தனக்கு வயதாகிவிட்டது என்றார். அண்ணன் மகன் நிலத்தைக் கேட்கிறான், கொடுத்தால் மரத்தைப் பிடுங்கி வீடு கட்டுவான், இப்போதே காலால் அளந்துகொண்டு திரிகிறான் என்றார். இவரிடம் குத்தகைக்கு விட விருப்பம், ஆனால் ஒரு நிபந்தனை. கடைசிப் பழத்தில் ஒரு பீப்பாய் சீத்ர் இவர் கையாலேயே போட வேண்டும். வசந்தத்தில் தான் வந்து குடித்துப் பார்ப்பாராம். குடிக்கிற மாதிரி இருந்தால் தோட்டம் இவருக்கு, இல்லாவிட்டால் அண்ணன் மகனுக்கு. பழம் பறிக்க எவனாலும் முடியும், ஒரு பீப்பாயைக் குளிர்காலம் முழுக்கப் பொறுமையாகக் காக்கத் தெரிந்தவன்தான் மரத்தையும் காப்பான் என்பது அந்தப் பெண்மணியின் நியாயம். எனக்கு அது நியாயமாகவே படவில்லை. ஆனால் இவர் நான் மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே தலையாட்டிவிட்டார்.

இனி மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவருடைய அம்மா. அந்தக் கோடையில்தான் நாங்கள் ஸ்பொன்சர் பண்ணி ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். மாமா, அதாவது இவருடைய அப்பா, ஊரில் கள்ளுத் தவறணையே கதியென்று கிடந்தவர். சம்பாதித்ததைக் கொடுத்ததும் அங்கே, விழுந்து கிடந்ததும் அங்கே. வீட்டுக்கு வந்தால் அடி. அவர் போய்ச் சேர்ந்த அன்றைக்கு மாமி ஒரு சபதம் எடுத்தார்: வெறி இருக்கிற வீட்டில் இனிப் பச்சைத்தண்ணீரும் வாயில் வைப்பதில்லை. வெறும் வாய்ப்பேச்சு என்று நினைக்க வேண்டாம். கொழும்பில் தன்னுடைய சொந்தத் தம்பி வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு பியர்ப் போத்தலைக் கண்டுவிட்டு, அந்த மணித்தியாலமே பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவர். தம்பி செத்த வீட்டுக்குப் போனபோதும் அங்கே தண்ணீர் குடிக்கவில்லையாம்.

இப்படிப்பட்ட தாய்க்குத்தான் இவர், தான் போடப்போவது அப்பிள் சாறு என்று சொல்லிவைத்தார். வசந்தத்தில் விற்பதற்கு, பீப்பாயில் இருந்தால் ருசி கூடும் என்று. எனக்கு வந்ததே ஆத்திரம். உங்களுடைய அம்மா என்ன பச்சைக் குழந்தையா என்று குசினிக்குள் வைத்துக் கேட்டேன். "நீர் வாயைத் திறக்காமல் இரும், அது போதும்" என்றார். என்னைப் பார்த்து ஒரு மனிதர் சொல்லக்கூடிய பேச்சா இது? ஆனால் இருந்தேன். சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் அந்த இலையுதிர்காலம் முழுக்க இருந்தேன்.

வார இறுதிகளில் மூவரும் தோட்டத்துக்குப் போவோம். மாமியைத் தனியே வீட்டில் விட ஏலாது. சேலைக்கு மேல் என்னுடைய பழைய குளிர்க் கோட்டு, செருப்புக்குள் தடித்த காலுறை. அந்தக் கோலத்தில் மரங்களுக்கிடையில் நடந்துவிட்டு வந்து மதாமின் குசினியில் உட்காருவார். மதாமுக்குத் தமிழ் தெரியாது, மாமிக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனாலும் இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து அப்பிள் சீவிக்கொண்டே மணிக்கணக்கில் கதைப்பார்கள். நான் போய் மொழிபெயர்க்கட்டுமா என்றால் இரண்டு பேரும் வேண்டாம் என்பார்கள். எனக்கு அதுவும் விளங்கவில்லை.

பழத்தைப் பறித்தவுடன் பிழிய மாட்டார்கள். கொட்டகையில் குவித்துப் போட்டு, பெருவிரலால் அழுத்தினால் குழி விழும்வரை கிடக்க விடுவார்கள். அந்தக் குவியலிலிருந்து ஒரு மணம் எழும்பும். பழுத்ததும் புளித்ததும் கலந்த மணம், கோட்டிலும் தலைமயிரிலும் ஒட்டிக்கொள்ளும். மாமி கொட்டகை வாசலில் நின்று மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்துவதைப் பார்த்தேன். பாவம், குளிர் தாங்கவில்லை என்று நினைத்தேன்.

பிழிகிற நாளில் எனக்கும் மதாமுக்கும் சண்டையே வந்துவிட்டது. மண்ணில் விழுந்த பழம், மான் மிதித்த பழம், புழு போன பழம், எல்லாவற்றையும் அப்படியே அரைக்கப் போகிறார்கள். நான் ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவ இறங்கினேன். மதாம் ஓடிவந்து வாளியைப் பிடுங்கினார். தோலில் இருப்பதுதான் சாற்றைச் சீத்ர் ஆக்குகிறதாம், கழுவினால் எல்லாம் போச்சாம். அழுக்குத்தான் இதற்கு மூலதனமா என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு விலகினேன். அரைத்த விழுதை ஒரு தொட்டியில் ஓர் இரவு முழுக்கப் போட்டுவைத்தார்கள். விடிய அது கோப்பித்தூள் நிறத்துக்கு வந்திருந்தது. துணியில் மடித்து அடுக்கி, பிழிகிற அச்சைத் திருகத் திருகச் சாறு ஒழுகியது. ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். சத்தியமாக, அவ்வளவு அழுக்கிலிருந்து அவ்வளவு இனிப்பு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பீப்பாய் நிலவறைக்குள் போனது. பீப்பாயின் மேல்வாயைக் கட்டையால் லேசாக மூடிவிட்டு மதாம் சொன்னார்: கொஞ்ச நாளில் இது பேசத் தொடங்கும், நுரை கக்கும், அப்போது பயப்பட வேண்டாம். குளிர் நன்றாக இறங்கியதும் அடிக்குழாய் வழியாகத் தெளிந்ததை மட்டும் மற்றப் பீப்பாய்க்கு மாற்றிவிட்டு மறந்துவிட வேண்டும். சொல்லிவிட்டு, முதல் பனி விழுந்ததும் தங்கை வீட்டுக்கு புளோரிடா போய்விட்டார். குளிர் முழுக்க அங்கேதான். சாவி இவரிடம்.

பீப்பாய் பேசவில்லை.

ஒரு வாரம் போனது, இன்னொரு வாரம் போனது. இவர் வேலையில்லாத நாட்களிலும் காரை எடுத்துக்கொண்டு ஓடிப்போய், பீப்பாயில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வருவார். நுரை இல்லை, சத்தம் இல்லை, ஒரு குமிழி இல்லை. பிறகு ஒருநாள் மேல்வாயில் ஏதோ பிதுங்கியிருந்தது. பழுப்பு நிறத்தில், கொழுகொழு என்று, விரலால் தொட்டால் ஆடுகிற ஒரு கட்டி. இவருக்கு முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. எங்கள் மேல்மாடியில் சென்னைப் பையன் ஒருவன் பல்கலைக்கழகத்தில் உயிரித் தொழில்நுட்பமோ என்னவோ படித்துக்கொண்டிருந்தான். ஒரு போத்தலில் கொஞ்சம் எடுத்துவந்து அவனிடம் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், முகர்ந்தான், தலையைச் சொறிந்தான். "ரெண்டு விஷயம் இருக்கலாம் அக்கா. ஈஸ்ட் செத்துப் போயிருக்கலாம். இல்லன்னா இன்னும் பொறக்காமலே இருக்கலாம்" என்றான். இதற்கு ஒரு படிப்பு. போத்தலை வாங்கிக்கொண்டு இறங்கி வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை, பீப்பாயின் பக்கவாட்டில் வெள்ளையாக ஏதோ வழிந்து காய்ந்திருப்பதை இவர் கண்டார். நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். துப்பினார். என்னைப் பார்த்தார். "சுண்ணாம்பு" என்றார். எங்கள் வீட்டில் வெற்றிலை போடுகிறவர் ஒரே ஆள்தான்.

மேலே மதாமின் குசினிக்குப் போய்க் கேட்டோம். மாமி மறைக்கவே இல்லை. "ஓம், நான்தான் போட்டனான்" என்றார், ஏதோ பால் பொங்காமல் பார்த்துக்கொண்ட மாதிரி. தமிழ்க் கடையில் வாங்கிய இரண்டு பேணிச் சுண்ணாம்பையும் தண்ணீரில் கரைத்து, நாங்கள் சந்தைக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் நிலவறைக்குள் இறங்கி ஊற்றியிருக்கிறார். ஊரில் பனையில் கட்டுகிற மண் முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினால் இறங்குவது கருப்பநீர், அதாவது வெறிக்காத பதநீர்; பூசாவிட்டால் கள்ளு. சாறு என்று சொன்னீர்கள், சாறு சாறாக இருக்க வேண்டாமா, புளித்து வெறிக்க விடுவதா என்று எங்களையே திருப்பிக் கேட்டார்.

என் வாழ்க்கையில் அவ்வளவு கோபம் வந்து, அதைப் போட ஓர் இடம் இல்லாமல் நின்றது அன்றுதான். என்ன சொல்லித் திட்டுவது? ஏன் வெறிக்காமல் பண்ணினீர்கள் என்றா? இவர் விரலில் ஒட்டிய சுண்ணாம்பைச் சட்டையில் துடைத்தார். பிறகு, "நல்லதம்மா" என்றார். நல்லதாம்! வெளியே வந்து கொட்டகைக்குப் பின்னால் நின்று அழுதார். அந்த மனிதர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல். தோட்டம் போய்விட்டது என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. மாமி உண்மையிலேயே நல்லெண்ணத்தில் செய்தாரா, இல்லை தெரிந்துதான் செய்தாரா என்று நான் முகத்தை முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மதாமுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்றேன். வேண்டாம், வரும்போது வரட்டும் என்றார் இவர். பீப்பாயைக் கவிழ்த்து ஊற்றிவிடுவோமா என்றேன். அதற்கும் வேண்டாம்.

அதன்பிறகு இவர் செய்ததுதான் எனக்கு இன்னும் விளங்காதது. தோட்டம் போகப் போகிறது என்று தெரிந்த மனிதர், மதாம் சொன்னபடியே மார்கழியில் பீப்பாயை மாற்றினார். அடிக்குழாயைத் திறக்க, தேத்தண்ணீர் நிறத்தில் கண்ணாடி போலத் தெளிவாக ஒரு சாறு வந்தது. பழுப்புக் கட்டி மட்டும் பழைய பீப்பாய்க்குள் தங்கிவிட்டது. நல்லாய்த்தான் தெளிந்திருக்கிறது, ஆனால் வெறும் சாறு என்றார். மாசி, பங்குனியில் இடுப்பளவு பனியில் இறங்கி, ஏணி வைத்து மரம் மரமாகக் கிளை கழித்தார். பிடுங்கப் போகிற மரத்துக்கு யாராவது கிளை கழிப்பார்களா? உங்களுக்கு என்ன விசரா என்று கேட்டேன். வெட்டாமல் விட்டால் வருகிற வருடம் மரத்துக்குக் கஷ்டம் என்றார். எந்த வருகிற வருடம் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.

ஒருநாள் நிலவறையிலிருந்து வந்து, உள்ளே டிக், டிக் என்று ஏதோ கேட்கிறது என்றார். குளிருக்கு மரம் வெடிக்கிற சத்தமாயிருக்கும் என்றேன். எலியாகவும் இருக்கலாம் என்றேன். இல்லாத ஒன்றை அவர் பிடித்துக்கொண்டு மறுபடியும் விழுவதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

பனி உருகி, மொட்டு வெடிக்கிற நேரத்தில் மதாம் வந்தார். வெயிலில் நன்றாகக் கறுத்துப் போயிருந்தார். எங்களை ஞாயிறு மத்தியானம் வரச் சொன்னார். மாமி காரை விட்டிறங்கியதும் இரண்டு கிழவிகளும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மாமி வழக்கமான யன்னலோரக் கதிரையில் போய் உட்கார்ந்தார். இவர் நிலவறைக்குள் இறங்கி ஒரு கண்ணாடிச் சாடியில் ஊற்றிக்கொண்டு வந்தார். சாடிக்குள் ஊசிமுனை போல் குமிழிகள் அடியிலிருந்து மேலே போய்க்கொண்டிருந்தன. அதை அவரும் அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

மதாம் முகர்ந்தார். வாயில் வைத்தார். கதிரையை இழுத்து உட்கார்ந்தார். இன்னொரு வாய் குடித்துவிட்டு, உள்ளே என்ன போட்டாய் என்று இவரைக் கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். பொய் சொல்லச் சொல்லி என்னைப் பார்த்தாரா, உண்மையைச் சொல்லச் சொல்லிப் பார்த்தாரா தெரியாது. என் வாய் முந்திவிட்டது. சுண்ணாம்பு என்றேன். யார் போட்டது? மாமியைக் காட்டினேன்.

மதாம் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு கடகட என்று பேசினார். தன் கணவர் ஒவ்வொரு வருடமும் சாற்றுக்குச் சீமைச்சுண்ணாம்புத் தூள் போட்டுப் பார்ப்பாராம். பிரான்சில் பழைய ஆட்கள் செய்கிற முறையாம். சரிவந்தால் ஒரு பழுப்புத் தொப்பி மேலே எழும்பும், கீழே தெளிந்தது மெதுவாக, மாதக்கணக்கில் வெறித்து, இனிப்புக் கெடாமல் நிற்கும். எப்போதாவது ஒரு வருடம்தான் அந்த மனிதருக்கு அது சரிவந்ததாம். தான் குடித்ததில் இதுதான் நல்லது என்றார். குத்தகைப் பத்திரம் நாளைக்கே எழுதலாம் என்றார். ஒரு குவளையை நிரப்பிக்கொண்டு எழுந்துபோய், மாமியின் இரண்டு கையையும் பிடித்து அதற்குள் வைத்தார். இது இவளுடைய சீத்ர், சொல்லு இவளுக்கு என்று என்னிடம் சொன்னார்.

மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன பிள்ளை சொல்லுறா?"

இவர் கண்ணாலேயே கெஞ்சினார். அரைகுறையாக ஒன்றைச் சொன்னேன். "உங்கட சுண்ணாம்பாலைதான் சாறு நல்லா வந்ததாம் மாமி."

மாமி குவளையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். அவசரப்படவில்லை. "இது சாறோ பிள்ளை?"

எனக்கு ஏலாமல் போய்விட்டது. "இல்லை மாமி" என்றேன். இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மாமி கோபப்படவில்லை. அதுதான் என்னை இன்னும் குழப்பியது. "எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார். "பழத்தைக் குவிச்சு வைச்சநேரமே மணத்திலை தெரிஞ்சுது. பழுதாப் போகட்டும் எண்டுதான் போட்டனான். அந்த மனுசன்ரை முட்டிக்குள்ளையும் எத்தினையோ நாள் ஒளிச்சுப் போட்டிருக்கிறன். எனக்கு அடிச்சுப்போட்டு அதையும் குடிப்பார்."

சொல்லிவிட்டு மதாமைப் பார்த்தார். மதாம் ஒன்றும் விளங்காமல் சிரித்தபடி, குடி குடி என்று கையால் காட்டிக்கொண்டு நின்றார்.

"நான் இதைத் திருப்பிக் குடுத்தா, இவன்ரை தோட்டம் போயிடுமோ?"

எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. மதாம் அப்படிப்பட்டவர் இல்லை என்று இன்றைக்குச் சொல்லுவேன். அன்றைக்கு, பழத்தைக் கழுவியதற்கே என்னிடம் வாளியைப் பிடுங்கிய மனுஷி அவர்; ஒரு பீப்பாயை வைத்து எங்கள் தலைவிதியைத் தீர்மானித்த மனுஷி. பத்திரம் இன்னும் எழுதவில்லை. இவரைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வியர்த்து, சாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். "தெரியேல்லை மாமி" என்றேன்.

மாமி மகனை ஒருதரம் பார்த்தார். பிறகு பேதி மருந்து குடிக்கிற மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு, குவளையை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். மதாம் கை தட்டினார். மாமி குவளையைக் கொண்டுபோய்த் தொட்டியில் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு, காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மாமி பெட்டியை எடுத்தார். ரொறொன்ரோவில் இருக்கிற மகளுக்குத் தொலைபேசி எடுத்து, நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னார். இவர் அறை வாசலில் நின்றார். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"குடிச்சனீங்கள்தானே அம்மா. பிறகேன் போறியள்?"

மாமி சேலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "குடிச்சது உனக்காக மோனை. போறது எனக்காக."

மறுநாள் காலை இவர் கையெழுத்துப் போடத் தோட்டத்துக்குப் போனார். போகாதேயுங்கள், அம்மாவை ஏற்றிவிட்டுப் போங்கள் என்றேன். போய்த்தான் ஆக வேண்டும் என்று மாமியே அவரை அனுப்பிவைத்தார். நான் மாமியோடு மெற்றோவில் பஸ் நிலையத்துக்குப் போனேன். எத்தனையோ கேட்க இருந்தது. கோபமா என்று கேட்க இருந்தது. மன்னிப்புக் கேட்பதா, நன்றி சொல்வதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. விடியவே எழும்பி அவித்த இடியப்பமும் சம்பலும் ஒரு பொட்டலமாகக் கட்டி வைத்திருந்தேன். அதுவும் வெறி இருக்கிற வீட்டில் அவிந்ததுதான் என்பது, பஸ் புறப்படும் நேரத்தில் நீட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. மாமி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அதைச் சாப்பிட்டாரா, வழியில் எறிந்தாரா என்று தெரியாது. ரொறொன்ரோவில் மச்சாளைக் கேட்டால் சொல்லுவாள். நான் கேட்கவில்லை.